உடற்பயிற்சியும் தாய்மைப் பேறும்

அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. அவசரக்காரரை எள்ளி நகையாட எழுந்த சொல் அது. ஆனால் அந்தப் பெண் எத்தனை நாள் மரத்தைச் சுற்றினாள், வீட்டில் அவளை யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

நம் பங்குகளிலும் அவளைப் போன்றோர் உளர். திருமணமாகி ஓராண்டு கடந்ததும், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில், "விசேஷம் ஏதும் உண்டா?" என்னும் வினா அவளை நோக்கி எழுகிறது. அருகில் நிற்கும் கணவனை எவரும் கேட்பதில்லை. வினாவைத் தொடர்ந்து அறிவுரையும் வருகிறது. "உட்கார்ந்தே இருந்தால் கருப்பைக்கு இரத்தம் எப்படிப் போகும்? நாங்கள் ஆட்டுக்கல்லில் மாவாட்டினோம், உலக்கை பிடித்தோம், கிணற்றில் நீர் இறைத்தோம், வீடு நிறையப் பிள்ளை பெற்றோம்" என்பார் முதியவர். இளையவரோ கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டி, இடுப்பை இவ்வாறு அசைத்தால் கருப்பைக்குப் புது இரத்தம் பாயும், மூன்றே மாதத்தில் கரு தங்கும் என்பார். இருவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் அந்தப் பேச்சை நம்பி ஈராண்டு, மூவாண்டு என்று காலத்தைக் கழித்துவிட்டு, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பின்னர் மருத்துவரை நாடும் தம்பதியரின் இழப்பு சிறிதன்று. கருமுட்டைகள் காலத்துக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே, உடற்பயிற்சி எந்த வகையில் கருவுறுதலுக்கு உதவுகிறது, எந்த வகையில் உதவுவதில்லை என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

குருதி செல்லும் வழி

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, ஏறத்தாழ தொப்புளின் மட்டத்தில் இரு கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரிந்து, ஒன்று காலுக்கும் மற்றொன்று இடுப்புக்கூட்டின் உட்புறத்துக்கும் செல்கிறது. உட்புறம் செல்லும் கிளையிலிருந்து தோன்றுவதே கருப்பைத் தமனி. கருமுட்டையை வளர்த்து வெளியிடும் சூலகத்துக்கோ வேறு வழி. சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே, பெருந்தமனியிலிருந்தே நேராக ஒரு மெல்லிய தமனி பிரிந்து, நெடுந்தூரம் இறங்கி வந்து சூலகத்தை அடைகிறது. இவ்விரு தமனிகளும் கருப்பையின் பக்கத்தில் ஒன்றோடொன்று கைகோத்துக் கொள்கின்றன. ஒரு வாய்க்காலில் நீர் குறைந்தாலும் மற்றொன்று ஈடு செய்யும்படி படைத்தவர் வகுத்த ஏற்பாடு இது.

இனி, ஒரு பெண் ஓடும்போது இங்கே என்ன நிகழ்கிறது? ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தசைகளுக்குப் போகிறது. கடுமையாக ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு மேலும் இறைக்கக்கூடும். அப்போது ஐந்தில் நான்கு பங்கைத் தசைகளே எடுத்துக்கொள்கின்றன. குடல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளின் நாளங்கள் அந்நேரம் சுருங்கி வழிவிடுகின்றன. முறைப்பாசனத்தில் ஒரு வயலுக்கு மடை திறக்கும்போது மற்ற வயலுக்கு மடை அடைபடுவது போன்றது இது. கருப்பையும் உள்ளுறுப்புகளுள் ஒன்றே. எனவே கடும் பயிற்சி நடக்கும் அந்த நேரத்தில் குருதி கால்களை நோக்கி விரைகிறது, கருப்பையை நோக்கியன்று. பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் ஓடி ஓடிக் கருப்பைக்கு இரத்தத்தைத் தள்ளலாம் என்னும் எண்ணம் மட்டும் பொருந்தாது.

அவ்வாறாயின் கருப்பைக்குக் குருதியை அழைத்து வருவது எது? சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனே அது. மாதத்தின் முற்பகுதியில் கருமுட்டை முதிர முதிர இந்த ஹார்மோன் பெருகி, கருப்பையின் நாளங்களை விரிக்கிறது. முட்டை வெளியான பின், அது இருந்த இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு திசு தோன்றுகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால், உடலிலேயே மிகுதியான குருதி ஓட்டம் உள்ள இடங்களுள் இந்தச் சிறு திசுவும் ஒன்று. கரு தங்கியபின் நிகழ்வதோ வியப்பிலும் வியப்பு. வழக்கமாக நிமிடத்துக்கு 50 மில்லி லிட்டர் அளவு குருதி பெறும் கருப்பை, பேறுகாலம் நெருங்குகையில் 500 மில்லி லிட்டருக்கு மேல் பெறுகிறது. படுக்கையிலேயே கிடந்த தாய்க்கும் இது நிகழும். வயலில் நாற்று நட்ட தாய்க்கும் நிகழும். ஹார்மோன் அழைக்கிறது, குருதி வருகிறது.

பாட்டிமார் சொன்னதில் உண்மையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தால் கால்களிலும் இடுப்பிலும் சிரைகளில் குருதி மந்தமாகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து அதனை மேலேற்றுகின்றன. நாள்தோறும் நடப்பவரின் நாளங்கள் உடல் முழுவதிலும் நலமாக இருக்கின்றன. கருப்பையின் நாளங்கள் மட்டும் அதற்கு விலக்காக இருக்க முடியாது. ஆட்டுக்கல்லும் உலக்கையும் நம் பாட்டிமாரை மெலிந்த, உரமான உடலினராக வைத்திருந்தன என்பதும் மெய்யே. எனினும் மாவாட்டுவதால் கருப்பை பிசையப்படுவதில்லை. மேலும், அந்தக் காலத்தில் அத்தனை ஆட்டுக்கல்லும் உலக்கையும் இருந்தும் பிள்ளையின்றி வாடிய பெண்கள் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை, அவ்வளவே.

இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஆர்னால்டு கேகல் என்னும் அமெரிக்க மருத்துவர் 1948இல் வெளியிட்ட முறை இது. மகப்பேற்றுக்குப் பின் சிறுநீர் தன்னை மீறிக் கசியும் பெண்களுக்காக அவர் வகுத்தார். அதற்கு அது மிக நல்லது. கருவுறுவதற்கென்று அவர் அதை வகுக்கவில்லை.

தசை செய்யும் மறைமுக உதவி

அப்படியானால் மருத்துவர்கள் ஏன் நடக்கச் சொல்கின்றனர்? இங்கேதான் பொருள் செறிந்த பகுதி இருக்கிறது.

கருமுட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிப்பட வேண்டுமாயின், மூளையின் அடிப்பகுதியிலிருந்து குறித்த கால இடைவெளியில் சிறுசிறு துடிப்புகளாக ஹார்மோன் ஆணைகள் வர வேண்டும். சூலகம் அவற்றைச் சரியாக ஏற்க வேண்டும். இன்று நம் பெண்களிடையே பெருகக் காணும் சூலகக் கோளாறில் இவ்வொழுங்கு குலைகிறது. சினைப்பை நீர்க்கட்டி என்று மக்கள் அழைக்கும் இக்கோளாற்றை 1935இல் சிக்காகோ நகரின் ஸ்டெயின், லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள் விவரித்தனர். நீர்க்கட்டி என்ற பெயர் கேட்டுப் பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அவை முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகளே. உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுள் நூற்றுக்கு 8 முதல் 13 பேர் வரை இக்கோளாறு உடையவர் என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் கணிப்பு.

இவர்களுள் பலரிடம் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. உடல் அதை ஈடுசெய்ய மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண்தன்மை ஹார்மோன்களைப் பெருக்குகிறது. முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் தசை உதவிக்கு வருகிறது. உழைக்கும் தசை, இன்சுலினின் துணையின்றியே குருதியிலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். பயிற்சிக்குப் பின்னும் ஓரிரு நாள் வரை குறைந்த இன்சுலினே போதுமானதாகிறது. ஆதலால்தான் வாரத்தில் ஒருநாள் மூச்சுமுட்ட ஓடுவதைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பது சிறந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி என்பதே 2023இல் வெளியான பன்னாட்டு மருத்துவ நெறிமுறையும் கூறும் அளவு. உடல் எடை மிகுந்தவர், அவ்வெடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே முட்டை வெளிப்படும் வாய்ப்பு மிகுகிறது. 80 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது நாலு கிலோ முதல் எட்டுக் கிலோவே. திரைப்பட நடிகையின் இடை வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1990களில் நடந்த ஒரு முயற்சி குறிப்பிடத்தக்கது. எடை மிகுந்து, முட்டை வெளிப்படாது, குழந்தைக்காக ஏங்கிய பெண்களை மருத்துவர்கள் ஆறு மாத காலம் வாரந்தோறும் ஒன்றுகூட்டினர். அவர்கள் சேர்ந்து பயிற்சி செய்தனர், உணவு பற்றிக் கற்றனர், மனத்துயரைப் பகிர்ந்துகொண்டனர். 1998இல் வெளியான அறிக்கைப்படி, இத்திட்டத்தை முழுமையாக முடித்த 67 பெண்களுள் 60 பேருக்கு முட்டை தானாகவே வெளிப்படத் தொடங்கிற்று. 52 பேர் கருவுற்றனர். அவர்களுள் 18 பேர் எந்தச் சிகிச்சையுமின்றிக் கருவுற்றவர்கள். 45 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுத்தனர்.

இக்கணக்கைப் படித்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். இடையில் விட்டுச் சென்றவர்கள் இதில் சேரவில்லை. 2016இல் நெதர்லாந்து நாட்டில் 577 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட கடுமையான சோதனை, நம் ஆர்வத்துக்குக் கடிவாளமிடுகிறது. ஆறு மாதம் உணவும் பயிற்சியும், பிறகே சிகிச்சை என்று ஒரு பிரிவு. காத்திருக்காமல் உடனே சிகிச்சை என்று மறு பிரிவு. முதற்பிரிவில் இயல்பாகக் கருவுற்றவர் நூற்றுக்கு 26 பேர். மறு பிரிவில் 16 பேர். ஆனால் நிறைமாதத்தில் இயல்பான பேறாக ஒற்றைக் குழந்தையை நலமுடன் பெற்றவர் முதற்பிரிவில் 27 பேர்; மறு பிரிவில் 35 பேர். பயிற்சி இயற்கைக்குத் துணை நிற்கிறது. ஆயின் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் காலம் கை நழுவுகிறது. இரண்டையும் ஒருசேரச் செய்வதே அறிவுடைமை என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் என்று 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. அதே ஆய்வு, நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை இருப்பதாகவும் கூறுகிறது. எடை மிகுதியும் சத்துக் குறைவும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலில் குடியிருக்கின்றன. எனவே எல்லாருக்கும் ஒரே அறிவுரை ஆகாது.

அளவுக்கு மிஞ்சினால்

மெலிந்த பெண்ணுக்கு வேறொரு ஆபத்து உண்டு. 1985இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், மாதவிலக்கு ஒழுங்காக உள்ள, பயிற்சிப் பழக்கமில்லாத 28 கல்லூரிப் பெண்கள் இரு மாதச் சுற்றுக்கு ஓடவிடப்பட்டனர். நாளுக்கு 6 கிலோமீட்டர் என்று தொடங்கி 16 கிலோமீட்டர் வரை அது உயர்ந்தது. அக்காலத்தில் இயல்பான மாதச் சுற்று நீடித்தது நான்கே பேருக்குத்தான். எடை குறையும்படி உண்டவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். பயிற்சி முடிந்து ஆறு மாதத்துக்குள் அனைவரும் பழைய ஒழுங்குக்குத் திரும்பினர் என்பது ஆறுதல்.

குற்றம் ஓட்டத்தினுடையதா, பட்டினியினுடையதா? ஆன் லவுக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கலான உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 30 கலோரிக்குக் குறைவாகவே உணவாற்றல் எஞ்சுமானால், மூளையிலிருந்து வரும் அந்த ஹார்மோன் துடிப்புகள் ஐந்தே நாளில் தடுமாறுகின்றன என்று 2003இல் அவர் காட்டினார். போதிய உணவு கிடைத்தால் பயிற்சி மட்டும் அத்துணைக் கேடு செய்வதில்லை. பஞ்ச காலத்தில் பிள்ளைப்பேறு வேண்டாம் என்று உடல் தானே கதவைச் சாத்திக்கொள்வது போலும்! டென்மார்க்கில் 2012இல் வெளியான ஆய்விலும், மிதமான பயிற்சி எல்லாப் பெண்களுக்கும் துணை செய்தது. கடும் பயிற்சியோ, எடை மிகாத பெண்களின் கருவுறுதலைத் தாமதப்படுத்தியது.

நம் இல்லங்களில் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து, வீட்டுவேலை முடித்து, அலுவலகமோ வயலோ சென்று திரும்பி, எல்லாரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்ணும் மருமகள் எத்தனை பேர்! அவள்மீது குழந்தை வரத்துக்காக வெள்ளி, சனி ஒருசந்தியும் ஏற்றப்படுகிறது. வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுகிறாள். மணற்பாதையில் முழங்காலில் நடக்கிறாள். இப்போது காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும் சேர்கிறது. மாதாவின் பரிந்துரையை நாடும் அவள் பக்தியை நாம் குறை கூறோம். ஆனால் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் தவிர வேறு நாளில் ஒருசந்தியைத் திருச்சபை எவர்மீதும் கட்டாயமாகச் சுமத்தவில்லை என்பதை அவளுடைய மாமியாரும் அறிதல் நலம்.

சாமுவேல் முதல் நூலில் அன்னாவின் வரலாற்றைப் படித்திருக்கிறோம். பிள்ளையில்லாத அவளைப் பெனின்னா புண்படுத்துகிறாள். அன்னா அழுகிறாள், உண்ண மறுக்கிறாள். கணவன் எல்கானா அவளிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, ஏன் உண்ணவில்லை என்பது. குரு ஏலியின் ஆசி பெற்றபின் அவள் சென்று உணவு உண்டாள் என்று திருநூல் மறவாமல் குறித்து வைக்கிறது. மனைவி உண்டாளா என்று கேட்கும் கணவன் நம் வீடுகளிலும் வேண்டும்.

கணவனின் பங்கு

கேட்பதோடு அவன் கடமை முடிவதில்லை. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆணின் குறையும் தனியாகவோ சேர்ந்தோ காணப்படுகிறது. புகையிலை, மது, மிகு எடை, வெப்பம் மிகுந்த இடத்தில் நெடுநேர வேலை ஆகியவை விந்தணுவைப் பாதிக்கின்றன. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே இன்று புகையை விட்டவன் அதன் பலனை மூன்றாம் மாதத்தில்தான் காண்பான். மனைவியை ஓடவிட்டுத் தான் திண்ணையில் அமர்ந்து பீடி பற்றவைப்பவனை என்னென்பது! மாலையில் செபமாலை சொல்லிக்கொண்டே இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் நடக்கலாம். செபமும் நிறைவேறும், நடையும் நிறைவேறும். பகலெல்லாம் பேசாத தம்பதியர் திரும்பும் வழியில் பேசவும் கூடும்.

எந்த நடையாலும் தீராத காரணங்களும் உண்டு. கருக்குழாய் அடைப்பு அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் காசநோய்க் கிருமி நுரையீரலோடு நில்லாமல் கருக்குழாயையும் தாக்கி அடைத்துவிடுகிறது. பெண்ணுக்கு இருமலும் இராது, காய்ச்சலும் இராது. அடைபட்ட குழாயை ஆசனமும் திறக்காது, எண்ணெய் தேய்ப்பும் திறக்காது. காசநோய் குணமாகக் கூடியது. ஆனால் காலந்தாழ்ந்து கண்டால் குழாய் சிதைந்துவிடும். அதனால்தான் ஓராண்டு இல்லறத்துக்குப் பின்னும் கரு தங்காவிடில் மருத்துவரைக் காண வேண்டும் என்றும், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும் என்றும் விதித்துள்ளனர். மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராதிருந்தாலோ, வலி தாங்க முடியாததாக இருந்தாலோ அதுவரையிலும் காத்திருக்கலாகாது.

பயிற்சியால் பலன் உண்டாகிறதா என்று ஒரு பெண் தானே அறிய வழியுண்டு. மெல்போர்ன் நகரில் 1953இல் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் தொடங்கி, பின்னர் அவர் துணைவியார் எவ்லினும் சேர்ந்து வளர்த்த இயற்கை முறையை நம் குடும்பங்கள் பல அறியும். பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்க மட்டுமே அது உதவும் என்று பலர் எண்ணுகின்றனர். கருவுறும் நாள்களைக் கண்டுகொள்ளவும் அதுவே துணை. வழுவழுப்பான கசிவு என்று தோன்றுகிறது, என்று நிற்கிறது, அதன்பின் எத்தனை நாள் கழித்து மாதவிலக்கு வருகிறது என்று நாள்தோறும் குறித்துவர வேண்டும். கசிவு நின்றபின் பன்னிரண்டு, பதினான்கு நாளில் விலக்கு வருவது நல்ல அறிகுறி. பத்து நாளுக்குக் குறைவாகவே எப்போதும் இருந்தால், விலக்கு மாதந்தோறும் தவறாமல் வந்தாலும் முட்டையின் பின்பகுதிக் காலம் சரியில்லை என்று ஐயுற இடமுண்டு. கடும் பயிற்சி செய்வோரிடம் இது காணப்படுகிறது. அத்தகையோர் ஓட்டத்தைக் குறைத்து உணவைக் கூட்டிப் பார்க்கலாம்.

இக்குறிப்பேட்டை மூன்று மாதம் எழுதி, மருத்துவரிடம் செல்லும் முதல் நாளிலேயே எடுத்துச் செல்லுங்கள். கணவனும் உடன் செல்லட்டும். விலை மிகுந்த பரிசோதனைகள் மனைவிக்குத் தொடங்குமுன், எளியதும் மலிவானதுமான விந்துப் பரிசோதனை கணவனுக்கு நடக்கட்டும். திருச்சபையின் நெறிக்கு மாறுபடாத வகையில் அப்பரிசோதனையைச் செய்யவும் வழியுண்டு. கூச்சமின்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்கென அவர் தரும் உறையோடு வீட்டிலிருந்தே கொண்டுவரலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும்.